வைத்துக் கொடுத்த மேல்துண்டு

காலிங் பெல் அடித்ததும் எங்கள் அடுக்ககத்துப் பெண்கள் எல்லோரும் முதலில் தேடுவது ஒரு துண்டைத்தான். நாற்காலி முதுகில் ஒன்று, ஃப்ரிட்ஜின் மேல் ஒன்று, பூஜை அலமாரிக் கைப்பிடியில் ஒன்று என்று வீடெங்கும் துண்டுகள் காத்துக் கிடக்கும். நைட்டியின் மேல் அதைப் போட்டு, ஒரு கையால் மார்போடு பிடித்துக்கொண்டு, மறு கையால் கதவைத் திறக்க வேண்டும். கூரியர்க்காரன் பொட்டலத்தை நீட்டுவான். மளிகைக்காரன் இரண்டு பையை நீட்டுவான். வாங்க இரண்டு கை வேண்டும். துண்டு நழுவும். அவன் சுவரைப் பார்ப்பான், இவள் தரையைப் பார்ப்பாள்.

முன்பெல்லாம் பெல் எப்போதாவது அடிக்கும். இப்போது கொத்தமல்லிக் கட்டு கூட போனில் சொன்னால் வந்துவிடுகிறது. வந்தால் பெல் அடிக்கிறது.

இரண்டாவது மாடி மதுமதிக்கு இதிலிருந்துதான் அந்த யோசனை வந்தது. கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. டீச்சர் அவள். கணவன் ஸ்ரீவத்சன் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். மாமியார் விசாலாக்ஷி எனக்குச் சிநேகிதி. நடந்ததையெல்லாம் எனக்குச் சொன்னவளும் அவள்தான். விசாலாக்ஷி ஒரு விஷயத்தைச் சொன்னால் அதில் வருகிற அத்தனை பேரும் அவள் வாயிலிருந்தே பேசுவார்கள், ஆட்டோக்காரன் உட்பட.

மதுமதியின் யோசனை சிக்கலானதல்ல. நைட்டியின் இரண்டு தோள் தையலிலும், இடுப்புப் பக்கம் ஓரிடத்திலும், வெளியே தெரியாமல், அழுத்தினால் மாட்டிக்கொள்ளும் டிச் பட்டனின் குழிப் பாதி. தனியாக ஒரு மேல்துண்டு. அதன் ஓரத்தில் குமிழ்ப் பாதிகள். நைட்டியின் பக்கவாட்டுப் பையில் அது மடித்துக் கிடக்கும். பெல் அடித்தால் எடுத்து, தோளில் டிக், டிக், இடுப்பில் ஒரு டிக். முன்னால் அழகாக விழும். குனிந்தாலும் நழுவாது. இரண்டு கையும் சும்மா இருக்கும்.

"நைட்டி நைட்டியாவே இருக்கும், கதவைத் திறக்கறச்சே மட்டும் டிரெஸ் ஆயிடும்," என்று கணவனிடம் சொன்னாளாம்.

அதைச் சொல்லும்போதே கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னாள். அதற்குக் காரணம் இருந்தது. சில வருஷங்களுக்கு முன் புடவைக் கொசுவத்தை மொத்தமாகப் பிடிக்கிற ஒரு கிளிப்பை யோசித்து, கம்பியை வளைத்துத் தானே செய்து, தி.நகரில் ஒரு ஃபேன்சி கடையில் கொண்டுபோய்க் காட்டினாள். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாக்கலாம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பொங்கலுக்கு முன்னால் அதே கிளிப் பிளாஸ்டிக்கில், பல நிறத்தில், அந்தக் கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கியது. மதுமதி சண்டை போடவில்லை. ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். இன்னமும் அதைத்தான் குத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள்.

இந்தத் தடவை முதலில் அரசாங்கத்தில் வடிவமைப்புப் பதிவு, அப்புறம்தான் யாருக்கும் காட்டுவது என்று தீர்மானம் ஆயிற்று. தேனாம்பேட்டையில் வக்கீலாக இருக்கும் புகழேந்தி ஸ்ரீவத்சனோடு படித்தவர். அவர் சொன்ன விதி ஒன்றுதான். விண்ணப்பம் போடும்வரை பொருள் வெளியார் கண்ணில் படக் கூடாது. போட்டு நம்பர் வந்துவிட்டால் தைரியமாகக் கடைக்குக் கொண்டுபோகலாம். கடையும் மனதில் இருந்தது. தி.நகரில் நைட்டி மொத்த வியாபாரம் செய்யும் பொன்ராஜின் மகள் சரண்யா, ஒரு காலத்தில் மதுமதியின் வகுப்பில் அழுதுகொண்டே 'அ' எழுதியவள்.

தைத்துக் கொடுத்தவள் திருவல்லிக்கேணி சிம்ரா. பெரிய மசூதிக்குப் பின்னால் வீட்டிலேயே இரண்டு மெஷின் போட்டிருக்கிறாள். நாத்தனார் பட்டன் துளைக்குக் காஜா எடுப்பாள். மாதிரிக்கென்று ஒரே ஒரு நைட்டியும், பல நிறத்தில் மேல்துண்டுகளும் தைத்தாள். எந்த நிறம் எந்தப் பூவோடு சேரும் என்று பார்ப்பதற்காக மேல்துண்டுகள் மட்டும் அதிகம். யாரிடமும் சொல்லாதே என்று மதுமதி மூன்றாவது முறையாகச் சொன்னபோது சிம்ரா வாயிலிருந்த ஊசியை எடுத்தாள்.

"இன்னாக்கா நீ. நா யார்கிட்ட சொல்லப் போறேன்? சொன்னா எவனாவது அவன் யூனிட்ல தெச்சுக்குவான். சொல்லாங்காட்டி மொத ஆர்டர் எனுக்குத்தானே."

"உனக்குத்தான்."

"அப்ப எம் வாய்க்கும் டிச் பட்டன் போட்டாச்சுன்னு வெச்சுக்கோ."

மேல்துண்டுகளை அவள் இஸ்திரி போட்டு, பட்டன் உள்ளே போகும்படி மடித்து, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, மூலையில் ஸ்டேப்ளர் பின் அடித்துக் கொடுத்தாள். தூசி படாமல் இருக்கட்டும் என்றுதான்.

வீட்டில் எங்கே வைப்பது என்று வந்தபோது, நைட்டியும் மேல்துண்டும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்றான் ஸ்ரீவத்சன். நைட்டி பீரோவில் பூட்டப்பட்டது. மேல்துண்டுகள் அலமாரியின் மேல்தட்டில், பட்டுப் புடவைகளுக்குப் பின்னால் போயின. அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்பதையும் அவன்தான் சொன்னான். "அம்மாவுக்குத் தெரிஞ்சா கபாலீஸ்வரருக்குத் தெரிஞ்சுடும். அவருக்குத் தெரிஞ்சா பரவாயில்லை. பிராகாரம் சுத்தறவா அத்தனை பேருக்கும் தெரிஞ்சுடும்."

புரட்டாசி பாதியிலேயே விண்ணப்பம் தயாராகிவிட்டது. படம் எடுத்தாகிவிட்டது. அன்றே போட்டிருக்கலாம். ஆனால் நவராத்திரி வந்துகொண்டிருந்தது. விஜயதசமியன்று போடலாமே என்று ஸ்ரீவத்சன் சொன்னான். மதுமதியும் அதையே நினைத்திருந்தாள். நல்ல காரியம், நல்ல நாளில் தொடங்கட்டும். புகழேந்தியிடம் சொன்னபோது அவரும், சரி, நல்ல நாள்தானே என்றாராம். படித்தவர்கள் மூன்று பேர் சேர்ந்து எடுத்த முடிவு.

நவராத்திரி வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. விசாலாக்ஷியின் சஹஸ்ரநாமக் கோஷ்டி அன்று அவள் வீட்டில். வெள்ளிக்கிழமையாயிற்றே என்று அரிசிமாவில் புட்டு. கூடவே வெள்ளைக் கொண்டைக்கடலைச் சுண்டல், தேங்காயும் மாங்காயும் தாராளமாகப் போட்டு. நானும் தேங்காய் துருவிக் கொடுத்தேன். பாராயணம் முடிகிற நேரத்தில் மழை வலுத்துவிட்டது. லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காக அடைத்திருக்கும் தகரத் தடுப்புக்குள் தண்ணீர் தேங்கி, அந்தப் பக்கம் கொலுவுக்குக் கிளம்பியவர்களெல்லாம் போக முடியாமல் விசாலாக்ஷி வீட்டிலேயே ஒதுங்கினார்கள். வந்தவர்கள் தங்கள் கூட வந்தவர்களையும் அழைத்தார்கள். சுண்டல் எப்படியோ ஈடு கொடுத்தது. தாம்பூலத்தோடு வைத்துக் கொடுக்க ரவிக்கைத் துணிதான் தீர்ந்துபோயிற்று.

வெற்றிலை பாக்கு, மஞ்சள், தேங்காய் மட்டும் கொடுத்தனுப்பினால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. விசாலாக்ஷிக்குத்தான் மனசு வராது. "ஒரு நிமிஷம் இருங்கோ" என்று உள்ளே போனாள். வரும்போது இரண்டு கையிலும் கலர் கலராகப் பொட்டலங்கள்.

மதுமதி பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியபோது மழை விட்டிருந்தது. கடைசியாகக் கிளம்பிய பாட்டு டீச்சர் ஜெயலக்ஷ்மி மாடிப்படியில் எதிரே வந்தாள். அவளுடைய துணிப்பையில் தேங்காய்க்கு மேலே கடுகு மஞ்சள் நிறத்தில் ஒரு பொட்டலம் எட்டிப் பார்த்தது. மூலையில் பின். மதுமதி ஒதுங்கி வழிவிட்டு, ஜாக்கிரதையா போங்கோ மாமி, படி ஈரம் என்று சொல்லிவிட்டு, நேரே உள்ளே போய் அலமாரியைத் திறந்தாள். பட்டுப் புடவைகளுக்குப் பின்னால் சுவர் தெரிந்தது.

"அம்மா, இங்க இருந்த துணியெல்லாம்?"

"வந்தவாளுக்கு வெச்சுக் கொடுத்தேன். நீ கொலுவுக்குன்னு வாங்கி வெச்சதுதானே? நன்னா எடுத்திருக்கே. உங்காத்து நாட்டுப்பொண்ணுக்கு நல்ல டேஸ்ட்டுன்னு ஜெயலக்ஷ்மி கூடச் சொன்னா."

மதுமதி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கோபப்படவில்லை; அதுதான் விசாலாக்ஷியைப் பயமுறுத்தியது. மடியில் கையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். கிளிப்பில் தொடங்கி, டிச் பட்டன், சிம்ரா, வக்கீல், விஜயதசமி வரை. சொல்லி முடித்தபோது சுண்டல் பாத்திரத்தைக் கழுவுகிற சத்தம் கூட நின்றிருந்தது. கழுவிக்கொண்டிருந்தது நான்தான்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?" என்றாள் விசாலாக்ஷி.

மதுமதி திறந்து கிடந்த அலமாரியைச் சாத்த எழுந்தாள்.

"ஊர் பூரா சொல்லிடுவேன்னுதானே?"

மதுமதி ஆமென்று தலையாட்டினாள்.

"சொல்லித்தான் இருப்பேன். அது வேற விஷயம். ஆனா அலமாரியைத் தொட்டிருக்க மாட்டேன்."

ஸ்ரீவத்சன் ஆபீஸிலிருந்து ஓடி வந்தான். வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கி வந்துவிடலாம், தப்பாகக் கொடுத்துவிட்டோம் என்று சொன்னால் யார் மறுப்பார்கள் என்றான். விசாலாக்ஷி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மஞ்சள் குங்குமத்தோட வெச்சுக் கொடுத்ததைத் திருப்பிக் கேக்கறதாடா? என்னை அந்தத் தெருவில நடமாட விடமாட்டா. கேட்டாத்தான் சந்தேகமும் வரும். அப்படி என்ன இருக்கு அதுலன்னு அங்கேயே பிரிச்சுப் பாப்பா."

அவள் சொன்னதுதான் சரி என்று புகழேந்தியும் போனில் சொன்னார். போனை மேசை மேல் வைத்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"துணியை மட்டும் பாத்தா அது என்னன்னு தெரியுமா?"

"தெரியாது. நைட்டி என்கிட்டதான் இருக்கு," என்றாள் மதுமதி.

"அப்ப ரெண்டே விஷயம். யாராவது பிரிச்சுப் பாத்தாங்களா? பாத்தவங்களுக்கு இது எதுக்குன்னு புரிஞ்சுதா? இது தெரியாம நான் விண்ணப்பத்தை அனுப்ப மாட்டேன். பின்னாடி ஒருத்தர் வந்து, எங்க வீட்ல அப்பவே இருந்துச்சேன்னு சொன்னா பதிவு நிக்காது."

"கேட்டுடலாமா?"

"கேக்கக் கூடாது. நீங்க கேட்டா, அதுவே நீங்க போய்ச் சொன்ன மாதிரி. கேக்காம தெரிஞ்சுக்கணும்."

போனை வைத்த பிறகு விசாலாக்ஷி எழுந்து, நாளைக்குப் பட்டாணிச் சுண்டலுக்கு ஊறப்போட வேண்டும் என்றாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் காலையிலேயே சிம்ராவுக்கும் விஷயத்தைச் சொல்லிவிட மதுமதி திருவல்லிக்கேணிக்குப் போனாள். முதல் ஆர்டர் போய்விடுமோ என்று அவள் முகம் வாடும் என்று எதிர்பார்த்திருந்தாள். சிம்ரா மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

"பின்னோட குடுத்தாங்களா, பின்னை எடுத்துட்டு குடுத்தாங்களா?"

"கவரோடதான்."

"அப்ப ஏங்க்கா அழுவுற? நா அடிச்ச பின்னு அது. பல்லால கடிச்சாதான் வரும். ரவிக்கத் துணின்னு நெனச்சுக்கினு எவ பல்லை ஒடச்சுக்கப் போறா?"

அதற்குப் பிறகு இரண்டு நாள், விசாலாக்ஷி ஒரு தூக்குப் பாத்திரத்தில் சுண்டலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். போன வருஷம் முழங்கால் வலி என்று பாதிக் கொலுவுக்குப் போகாதவள். துணையாக நானும் போனேன். மழைத் தண்ணீரில் கால் வைத்து, தகரத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கம் வரமாட்டேன் என்ற ஆட்டோக்காரர்களோடு வாதாடிக்கொண்டு. ஒவ்வொரு வீட்டிலும் கொலுவைப் பார்ப்பாள். செட்டியார் பொம்மையைப் புகழ்வாள். ஒரு கீர்த்தனையில் பாதி பாடுவாள். கிளம்பும்போது, போகிற போக்கில் கேட்பாள்: "அன்னிக்குக் கொடுத்த ரவிக்கை பிட்டு பிடிச்சுதா?"

ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பதில். "கலர் ரொம்ப நன்னாருக்கு மாமி."

வாசலுக்கு வந்ததும் விசாலாக்ஷி என் கையை அழுத்துவாள். "பிரிக்கலை."

"எப்படிச் சொல்றே?"

"பிரிச்சவ கலரைப் பத்திப் பேசமாட்டா. அகலம் போறலை, கை வெக்கத் துணி இல்லைன்னு ஆரம்பிப்பா. எனக்கு எத்தனை வருஷமா இதே வேலை."

ஒரு வீட்டில் பொட்டலம் கொலுப் படிக்குப் பக்கத்திலேயே அடுக்கில் இருந்தது, அடுத்து வருபவருக்குத் தயாராக. இன்னொரு வீட்டில் அது ஏற்கெனவே கைமாறி நங்கநல்லூர் போய்விட்டிருந்தது. நங்கநல்லூருக்குப் போன் போட்டால் அங்கேயிருந்து பெங்களூருக்குப் போகும் பெட்டியில் ஏறிவிட்டதாம். அங்கேயும் கலர் நன்றாகத்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில் நவராத்திரி ரவிக்கைத் துணி என்பது தைக்கிற துணி இல்லை. வாங்கி, வைத்து, அடுத்தவருக்குக் கொடுக்கிற துணி. இதை மதுமதி மறந்திருந்தாள். நானுமே மறந்திருந்தேன்.

ஒரே ஒரு வீட்டில்தான் பதில் வேறாக இருந்தது. ஜெயலக்ஷ்மி வீட்டு ஹாலில் பாட்டு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஜமக்காளத்தில் சுருதிப் பெட்டி. அதன் மேல் கடுகு மஞ்சள் மேல்துண்டு, முழுசாக விரித்துப் போட்டு, குமிழ்ப் பட்டன்கள் பளிச்சென்று தெரிய.

விசாலாக்ஷி உட்கார்ந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

"விசாலம், உங்காத்து நாட்டுப்பொண்ணுக்கு என்ன மூளைடீ," என்றாள் ஜெயலக்ஷ்மி.

"ஏன், என்ன?"

"ரவிக்கைத் துணின்னுதான் நெனச்சேன். பின்னைப் பிடுங்கறதுக்குள்ள நகமே போயிடுத்து. பிரிச்சுப் பாத்தா சுருதிப் பெட்டிக்கு உறை. ஃபேன் காத்துல பறக்காம இருக்கறதுக்கு ஓரத்துல கனமா பட்டன் வெச்சுத் தெச்சிருக்கா. பாட்டு டீச்சருக்குன்னு பாத்துப் பாத்துக் கொடுத்திருக்கே."

விசாலாக்ஷிக்குத் தெரிந்த விஷயம் ஒன்று வாய்க்குள்ளேயே நிற்பதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன்.

"அதுக்குத்தான் தெச்சது," என்றாள். "மத்தவாகிட்டச் சொல்லாதே. எல்லாரும் கேப்பா."

ஜெயலக்ஷ்மி சொல்லமாட்டேன் என்று தலையில் கையை வைத்துக்கொண்டாள். தனக்கு மட்டும் கிடைத்தது என்கிற சந்தோஷம் அவளுக்கு.

அன்று சாயங்காலம் போனில் இதைக் கேட்ட புகழேந்தி, சிரித்து முடிக்கும்வரை கொஞ்சம் காத்திருக்கச் சொன்னார். பிறகு, சுருதிப் பெட்டியை மூடியது நைட்டியின் கணக்கில் வராது, ஆனாலும் மற்றவை யாராலும் பிரிக்கப்படவில்லை என்பது நிச்சயம்தானா என்று கேட்டார். நிச்சயம் என்றாள் விசாலாக்ஷி. மதுமதிக்கு மட்டும் இன்னும் ஒரு நெருடல் இருந்தது. மாமியாரின் அகலக் கணக்கை நம்பி எப்படி இருப்பது?

சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களோடு ஸ்ரீவத்சனின் லேப்டாப்பும் பூஜையில் ஏறிவிட்டது, சந்தனப் பொட்டோடு. அன்று அதைத் தொடக் கூடாது. சும்மா இருக்க முடியாமல் மதுமதி கோபாலபுரத்தில், தன்னோடு வேலை பார்க்கும் வர்ஷினியின் கொலுவுக்குப் போனாள். சின்ன வயசுப் பெண்; முதல் கொலு. பழைய பங்களாவின் ஒரு பகுதியில் குடியிருக்கிறாள். மாவடு ஊறுகாயோடு தயிர்சாதம் கொடுத்து, குங்குமம் இட்டு, தட்டில் தேங்காயும் வெற்றிலையும் வைத்து நீட்டினாள்.

"எங்க மன்னி கொடுத்தா மிஸ். கலர் ரொம்ப நன்னாருக்கு. நீங்க தெச்சுக்கோங்கோ."

கத்தரிப்பூ நிறம், சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி. கவரின் மூலையில் சிம்ராவின் பின், குத்தியது குத்தியபடி. மயிலாப்பூரிலிருந்து புறப்பட்டு, எத்தனை தட்டில் ஏறி இறங்கியதோ, மடிப்புக் கூடக் கலையாமல் திரும்பி வந்திருந்தது. மதுமதி அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பக்தி என்று நினைத்திருப்பாள் வர்ஷினி. ஆட்டோவில் வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்ததாக மதுமதி சொன்னாள்.

விஜயதசமி காலையில் லேப்டாப்பைப் பூஜையிலிருந்து இறக்கினார்கள். மூடியில் சந்தனம் காய்ந்திருந்தது. புகழேந்தி மறுமுனையில் சரி என்றதும், கடைசிப் பொத்தானை அழுத்த மதுமதி மாமியாரைக் கூப்பிட்டாள். விசாலாக்ஷி விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து அழுத்தினாள். நம்பர் வந்தது. பாயசம் எனக்கும் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொன்ராஜ் வீட்டுக்குப் போனார்கள். கடையில் காட்ட முடியாது. நாலு ஆண்பிள்ளைகளுக்கு நடுவே நைட்டியைப் போட்டா காட்ட முடியும்? வீட்டுக்கு வருகிறோம் என்று பொன்ராஜின் மனைவி தங்கபுஷ்பத்திடம் முன்பே சொல்லியிருந்தாள் மதுமதி. சிம்ராவும் புதிதாகத் தைத்த நைட்டியோடு வந்துவிட்டாள். விசாலாக்ஷி, தான் வராமலா என்றாள்.

கதவைத் திறந்த தங்கபுஷ்பம் நைட்டியில் இருந்தாள். தோளில் டர்க்கித் துண்டு. ஒரு கையால் அதை மார்போடு பிடித்திருந்தாள்.

"வாங்க மிஸ். சாய்ங்காலம்னுல்லா நெனச்சேன். உக்காருங்க, புடவை மாத்திட்டு வாரேன்."

"மாத்தாதீங்கோ," என்றாள் மதுமதி. "இதுக்காகத்தான் வந்தோம்."

பொன்ராஜ் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எதிரே உட்கார்ந்தார். பெண்ணுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் என்கிற மரியாதை இருந்தது. அதைத் தாண்டி வியாபாரமும் இருந்தது. மதுமதி வீட்டில் கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்ததை ஆரம்பித்தாள். பாதியில் அவர் கையைக் காட்டினார்.

"நைட்டில புதுசா என்ன மிஸ் வந்துரப் போவுது? வருசத்துக்கு வருசம் பூ மாறும். போன வருசம் பெரிய பூவு, இந்த வருசம் சின்னப் பூவு. அவ்வளவுதான்."

மதுமதி நைட்டியை மடியில் வைத்துக்கொண்டு, எந்தப் பட்டனை முதலில் காட்டுவது என்று தடவிக்கொண்டிருந்தாள். தங்கபுஷ்பம் எட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

"வாயால சொன்னா இவுகளுக்கு எப்படி வெளங்கும்? குடுங்க மிஸ், போட்டுட்டு வாரேன்."

சிம்ரா அவளோடு உள்ளே போய், எது எங்கே என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தாள். எல்லோரும் உள் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது காலிங் பெல் அடித்தது.

"கேன் தண்ணி," என்றார் பொன்ராஜ், எழுந்திருக்காமல்.

உள்ளேயிருந்து டிக், டிக், டிக் என்று மூன்று சத்தம். தங்கபுஷ்பம் வெளியே வந்தாள். நடந்துகொண்டே சமையலறை வாசலில் இருந்த காலிக் கேனை ஒரு கையில் எடுத்தாள், மறு கையால் தாழ்ப்பாளை நீக்கினாள். காலியைக் கொடுத்தாள். குனிந்து, புதுக் கேனின் வாயைத் திருப்பி மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். போன தடவை ஒழுகியது என்று அவனிடம் இரண்டு வார்த்தை சண்டையும் போட்டாள், இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி. அவள் கை ஒருமுறை கூடத் தோளுக்குப் போகவில்லை.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியவள் தன் கைகளையே பார்த்தாள்.

பொன்ராஜ் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "ஏ புள்ள, உள்ள போயி இன்னொரு தடவ வா. மெதுவா வா."

"நான் என்ன சினிமாலயா நடிக்கேன்?" என்றாள் தங்கபுஷ்பம். ஆனால் போய்விட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு பேச்சு வியாபாரப் பேச்சாயிற்று. விண்ணப்ப நம்பரைப் பார்த்துவிட்டு, முறையாகத்தான் வந்திருக்கிறீர்கள் என்று பொன்ராஜ் தலையசைத்தார். பொங்கலுக்கு ஒரு லாட் போட்டுப் பார்க்கலாம் என்றார். ஆனால் தையல் தன் யூனிட்டில்தான் என்றபோது மதுமதி முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"முதல் லாட் சிம்ராதான் தைப்பா. அது பேசினது."

"வீட்டுல ரெண்டு மெஷின வெச்சிக்கிட்டு எப்படிம்மா முடிப்பீங்க?" என்று பொன்ராஜ் சிம்ராவிடம் கேட்டார்.

"எங்க தெருவுல மெஷினுக்கா பஞ்சம்? வீட்டுக்கு வீடு கீது. நீ துணிய அனுப்பு, மத்ததை நா பாத்துக்குறேன் அண்ணாத்தே."

பொன்ராஜ் மனைவியைப் பார்த்தார். அவள் பையிலிருந்து மேல்துண்டை எடுத்து மடிப்பதும் மாட்டுவதுமாக இருந்தாள். இதைக் கழற்றித் தர மாட்டேன் மிஸ், வேறு தைத்துக்கொள்ளுங்கள் என்றாள். சரி, தையல் அவர்கள் பக்கமே இருக்கட்டும் என்று பொன்ராஜ் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட பிறகு அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"இத வெளிய யாருக்கும் குடுக்கலையே? கடைக்கு வாரதுக்கு முந்தி தெருவுக்கு வந்துரக் கூடாது. அதான் கேக்கேன்."

மதுமதி பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் விசாலாக்ஷி சொன்னாள்.

"மயிலாப்பூர்ல பாதிப் பேர் ஆத்துல இருக்கு. நங்கநல்லூர், பெங்களூர் வரைக்கும் போயிருக்கு. ஒருத்தர் கண்ணுலயும் படலை."

பொன்ராஜ் விழித்தார். விசாலாக்ஷி கதையை ஆரம்பித்தாள். இனி சொன்னால் பாதகமில்லை என்று மதுமதியும் விட்டுவிட்டாள். புட்டில் தொடங்கி, பின், சுருதிப் பெட்டி, கத்தரிப்பூ நிறம் என்று எல்லோர் குரலிலும் சொல்லி முடித்தபோது தங்கபுஷ்பம் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவளுடைய பீரோவிலும் அப்படி ஒரு அடுக்கு இருக்கிறதாம். யார் கொடுத்ததென்று கூடத் தெரியாதாம்.

கிளம்பும்போது அந்த அடுக்கிலிருந்தே ஆளுக்கொன்றாக எடுத்து வந்தாள். குங்குமமும் பூவும் வெற்றிலையும் வைத்து விசாலாக்ஷிக்கும் மதுமதிக்கும் கொடுத்தாள். சிம்ராவுக்குப் பூவோடு கொடுத்தாள்.

உஸ்மான் ரோட்டு நெரிசலில் ஆட்டோ ஊர்ந்தது. தீபாவளிக் கூட்டம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. விசாலாக்ஷி மடியிலிருந்த பொட்டலத்தைக் கையில் எடுத்தாள். கவரைக் கிழித்தாள்.

"என்னம்மா பண்றேள்?" என்றாள் மதுமதி.

"பிரிச்சுப் பாத்துடறேன். யாராத்து ரகசியமோ, யார் கண்டா?"

ஊர்ந்துகொண்டிருந்த ஆட்டோவில் துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். உள்ளே பட்டனும் இல்லை, ஒன்றும் இல்லை. மாம்பழ நிறத்தில் சாதாரண ரவிக்கைத் துணி. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை முழம் போட்டுப் பார்த்துவிட்டு, திருப்தியாக மடித்துக்கொண்டாள்.

"கை வெக்கப் போறாது," என்றாள்.